காதில் பஞ்சோடு பத்ரிக்கு

கருத்தக்கண்ணன் திண்டுக்கல்லுக்கு வடக்கே போனதில்லை. ஆனால் மதுரை விளாங்குடிப் பக்கம் அவர் வேலை பார்த்த நூல் மில்லில் யார் பத்ரி, கேதார் என்று கிளம்பினாலும் முதலில் அவரைத்தான் தேடி வருவார்கள். ஹரித்வாரில் எந்தச் சத்திரத்தில் தமிழ் தெரிந்த ஆள் இருக்கிறார், ஜோஷிமடத்தில் பஸ்களை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பார்கள், கேதாருக்கு நடக்கிற வழியில் எந்த இடத்துக்கு மேல் மூச்சு வாங்கும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். "கௌரிகுண்டத்து வெந்நீருல அரிசியைத் துணியில கட்டி முக்குனா வெந்துரும்னு எவனாச்சும் சொல்லுவான், நம்பாதீக. அது யமுனோத்ரியில. இங்கன ஊறும், வேகாது" என்பார். சொல்கிறவர் இதில் ஒன்றையும் நேரில் கண்டதில்லை என்பதைக் கேட்கிறவர்கள் மறந்தே போவார்கள். பழனிமலைகூட அவர் ஏறியதில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி.

பக்திக்குக் குறைச்சல் இல்லை. பங்காளிகள்தான் அதிகம்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒத்தப்பனைப்பட்டியில் அவருக்குப் பங்காளி வீடுகள், அவருடையதையும் சேர்த்து, பதினாலு. பதினாலும் ஒரே குலசாமியைக் கும்பிட்டு, மாசி மாதம் சாமியின் பொருள்கள் வைத்த ஒரே சாமிப்பெட்டியைத் தூக்குகிற வீடுகள். ஊரில் மற்ற வகையறாக்களில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயிலுக்குப் போகமாட்டார்கள். இந்த வகையறாவில் சட்டம் கடுமை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பதினாலு வீட்டுக்கும் தீட்டு. ஒரு வருஷம் எவனும் மலையேறக் கூடாது. பாட்டன் காலத்தில் ஒருவன் துணிந்து அழகர்மலைக்குப் போனானாம், திரும்பி வருவதற்குள் அவன் வீட்டு ஜோடி மாடும் செத்துக் கிடந்ததாம். மாடு என்ன சீக்கில் செத்தது என்று இன்றுவரை யாரும் விசாரித்ததில்லை.

பதினாலு வீட்டில் தொண்ணூறு பேர் இருந்தால், வருஷத்துக்கு ஒருவராவது போய்ச் சேரத்தானே செய்வார்கள்?

இந்த மலை ஆசை வந்த கதை எழுபதாம் வருஷத்தில் இருக்கிறது. மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் கருத்தக்கண்ணனுக்கு வேலை. காலையில் கறுப்பாக உள்ளே போகிறவர் மாலையில் வெள்ளையாக வெளியே வருவார். பஞ்சு நெஞ்சுக்குள்ளும் போயிருக்க வேண்டும். அந்த வருஷம் இருமல் பிடித்து, ரத்தம் கண்டு, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மில்லில் ஆள் வருகைக் கணக்கு எழுதுகிற ஜனகராஜ் அவரைப் பார்க்க வந்தார். ஜனகராஜ் மகாலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சௌராஷ்டிரக்காரர். அப்போதுதான் தன் அப்பாவோடு வடக்கே போய்வந்திருந்தார். பழம் வாங்கி வந்தால் நோயாளியால் தின்ன முடியாது என்று, கேதார் கோயில் படம் போட்ட காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து தலைமாட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

கருத்தக்கண்ணனின் மனைவி சீனியம்மாள் மூன்று மாதமும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் பின்னால் மலை முழுக்க வெள்ளை. முதலில் அதைப் பஞ்சு என்றே நினைத்தாள். பனி என்று நர்ஸம்மா சொன்னபிறகு, ஒரு நாள் சாயங்காலம் படத்துக்கு முன்னால் முந்தானையை ஏந்தி நின்றாள். "உன் பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது. இந்த மனுசன எழுப்பி விட்டுரு. அவரு காலாலேயே நடத்தி உன் வாசலுக்குக் கூட்டிட்டு வாரேன்."

அவர் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து சீனியம்மாளுக்கு நிம்மதி போயிற்று. கேட்டதைக் கொடுத்த சாமியைக் காக்கவைத்திருக்கிறோம் என்ற பயம். அவர் ராத்திரி லேசாகச் செருமினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

எழுபத்தொன்றில் முதல் முறையாகத் திட்டம் போட்டார்கள். ஜனகராஜ் ரயில் நேரங்களை எழுதிக் கொடுத்தார். புது மண்டபத்துப் பக்கம் அலைந்து, மதுரை வெயிலில் கம்பளிச் சட்டை கேட்டு, கடைக்காரர்கள் சிரித்த சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். குரங்குக் குல்லாய் இரண்டு. வழியில் சோற்றில் பிசையப் புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், மண்ணெண்ணெய் அடுப்பு. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பெரியம்மா ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். கம்பளிச் சட்டைகள் அந்துருண்டையோடு டிரங்குப் பெட்டிக்குள் போயின. அதே திட்டத்தில் ஜனகராஜ் தன் அம்மாவையும் மனைவி கனகலட்சுமியையும் கூட்டிக்கொண்டு போய்வந்தார். மறு வருஷம் ஒரு சித்தப்பா. அதற்கு மறு வருஷம் தென்னையிலிருந்து விழுந்த ஒரு தம்பி. கருத்தக்கண்ணனின் திட்டத்தில் மில் ஆட்கள் வருஷா வருஷம் போய்வந்தார்கள். திரும்பி வந்தவர்களிடம் விவரம் கேட்டு இன்னும் திருத்தமாக எழுதிக்கொள்வார். நோட்டு தடித்துக்கொண்டே போனது.

நடந்து பழகவேண்டும் என்று ஜனகராஜ் சொல்லியிருந்தார். யானைமலை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் மலையாயிற்றே! அதனால் மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியூர்த் தெப்பக்குளத்தை இருபது சுற்றுச் சுற்றினார். ஏறிப் பழக மில்லின் மாடிப்படிகள். தீட்டுக் காலத்தில் மூன்றாவது மாடி மலைக்கணக்கில் சேருமா என்று ஒரு தடவை உண்மையாகவே யோசித்தார்.

எழுபத்துநாலில்தான் கெட்டது. அந்த வருஷம் டிக்கெட்டே வாங்கியாகிவிட்டது. வைகாசிப் பிறப்பன்று ஊரில் பெரியப்பா மகன் பேயாண்டி வீட்டில் ஒரு குழந்தை இறந்தது. பேயாண்டியின் மகன் சங்கிலிக்குப் பிறந்த தலைச்சன் ஆண் பிள்ளை. பிறந்து பன்னிரண்டு நாள். பேர்கூட வைக்கவில்லை.

பேயாண்டிதான் பதினாலு வீட்டுக்கும் மூத்தவர். சாமிப்பெட்டி அவர் வீட்டில்தான் இருக்கும், தீட்டுச் சட்டமும் அவர் வாயில்தான். கருத்தக்கண்ணன் மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனார். போனவர் துக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். டிக்கெட் சட்டைப் பைக்குள் இருந்து குத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். பேருகூட வைக்காத பச்ச மண்ணு. இதெல்லாம் ஒரு சாவாக் கணக்குல வருமாண்ணே?"

வீட்டுக்குள்ளிருந்து சங்கிலியின் மனைவி சோலையம்மாள் விசும்புகிற சத்தம் கேட்டது. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"பன்னண்டு நாளு என் நெஞ்சுல போட்டுத் தூங்க வச்சேன்டா. உனக்கு அது கணக்குல வரலையா?" என்றார் பேயாண்டி. "வரும். ஒரு வருசம் எவனும் மலையேறக் கூடாது. எந்திரிச்சுப் போ."

எழுந்து வந்தவர்தான். எட்டு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. மாசிப் பெட்டி தூக்குகிற அன்று ஒருவர் முன்னால் நின்றால் மற்றவர் கடைசியில் நிற்பார். கேட்டது தப்பு என்று கருத்தக்கண்ணனுக்கு பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? போய்ச் சொல்வதற்கு வாய் வரவில்லை. நாள் ஆக ஆக, வெட்கமே கோபமாகிவிட்டது. 'அந்த ஆளு வேணும்னுதான் என்னைய மறிக்கிறாரு' என்று சொல்லிச் சொல்லி அவரே நம்ப ஆரம்பித்தார்.

எண்பத்திரண்டு சித்திரையில் ஒரு அதிசயம் நடந்தது. பதினாலு வீட்டிலும் ஒரு வருஷமாகச் சாவு இல்லை. ஜனகராஜ் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "கண்ணண்ணே, இத விட்டா நீங்க ரிட்டையர் ஆனப்புறம்தான். நானும் கனகமும் கூட வாரோம்" என்றார். மே பன்னிரண்டாம் தேதிக்கு நான்கு டிக்கெட் வாங்கினார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு கம்பளிச் சட்டையின் கையைப் பூச்சி தின்றிருந்தது. சீனியம்மாள் பாவாடைத் துணி வைத்துத் தைத்தாள்.

இனி ஒரே ஆபத்துதான். கிளம்புவதற்குள் யாராவது செத்துவிடக் கூடாது. செத்தாலும், அது இவர் காதில் விழக் கூடாது.

இது கருத்தக்கண்ணன் தானாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை. பேயாண்டியே ஒரு முறை தீர்ப்புச் சொல்லியிருந்தார். பட்டாளத்தில் இருந்த ஒரு பங்காளிக்கு அப்பன் செத்த சேதி ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அவனுக்கு எந்த நாளிலிருந்து வருஷக் கணக்கு என்று கேள்வி வந்தபோது, "என்னைக்குக் காதுல விழுந்துச்சோ அன்னையிலருந்து. கேக்காத சாவுக்குத் தீட்டு இல்ல" என்று பேயாண்டி சொல்லிவிட்டார். அதைக் கருத்தக்கண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மனிதர் ஊர்க்காரர்களுக்குப் பயந்து நடக்க ஆரம்பித்தார். பெரியார் பஸ் நிலையத்தில் ஒத்தப்பனைப்பட்டி ஆள் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, கிளம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸில் தாவி ஏறி, திருமங்கலத்தில் போய் இறங்கினார். அந்த ஆள் கேட்க வந்தது மாட்டு லோன் பற்றி என்பது பிறகு தெரிந்தது. தபால்காரர் எதை நீட்டினாலும் சீனியம்மாளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அவருக்கு இப்போது வசதியாக இருந்தது. கடைசியாக ஒரு வேலை செய்தார். மில் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். கேட்டால் காதுவலி. பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? மேஸ்திரி சத்தம் போட்டுச் சொன்னால்கூட, "ஆ?" என்று கையைக் காதுக்கு வைப்பார். மில்லே சிரித்தது.

ரயிலுக்கு நான்கு நாள் இருக்கும்போது சங்கிலி மில் வாசலுக்கு வந்து நின்றான். எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து ஆள் வருவது வேறு எதற்கு? கருத்தக்கண்ணன் அவன் தலை மொட்டையாக இருக்கிறதா என்று பார்க்கக்கூடத் துணியாமல், கழிவுப்பஞ்சு ஏற்றுகிற லாரியோடு பின்வாசல் வழியாக வெளியேறினார். மறுநாளும் சங்கிலி வந்தான். மறுநாளும் கழிவுப்பஞ்சு லாரிதான்.

மூன்றாம் நாள் சங்கிலி மில்லுக்குப் போகவில்லை. நேராக விளாங்குடியில் வீட்டுக்கே வந்துவிட்டான். வேலை முடிந்து கருத்தக்கண்ணன் வந்தபோது சீனியம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன், அவருடைய இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"வேணாம் புள்ள! சொல்லாத!"

"உங்க அண்ணே சாகல" என்றாள் அவள். "படுத்துட்டாராம். உங்களப் பாக்கணும்னு ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டே கெடக்காராம். அந்தப் பய மூணு நாளா வெயிலுல நிக்கிறான், நீங்க குப்ப லாரியில ஓடுறீக."

கருத்தக்கண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். "இது சூழ்ச்சி புள்ள. நான் போயி நிப்பேன், என் கண்ணு முன்னாடியே அவரு உசுரு போகும். எட்டு வருசத்துக்கு முந்தி மறிச்ச மாதிரியே இப்பவும் மறிப்பாரு. நாளன்னைக்கு ரயிலு. பன்னெண்டு வருச வேண்டுதல் புள்ள."

"வேண்டுனது நீங்க இல்ல, நானு" என்றாள் சீனியம்மாள். "உங்க காலால நடத்திக் கூட்டிட்டு வாரேன்னுதான் அந்தச் சாமிக்கிட்டச் சொன்னேன். காதப் பொத்திக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லல. நீங்க போயிப் பாத்துட்டு வந்தாத்தான் நான் ரயிலேறுவேன்."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார். போகிற வழியெல்லாம், பஸ்ஸில் யாராவது ஒத்தப்பனைப்பட்டி என்று வாயெடுத்தால் அவர் கை தானாகக் காதுக்குப் போனது.

பேயாண்டி தொழுவத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். உடம்பில் பாதி இல்லை. அவர் மனைவி இருளாயி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கருத்தக்கண்ணனைக் கண்டதும் எழுந்து, "வாப்பா" என்று விசிறியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எட்டு வருஷமாகத் தினமும் வந்துபோகிற ஆளிடம் கொடுப்பது போலக் கொடுத்தாள். அவர் விசிறினார். என்ன பேசுவது என்று தெரியாததால் வேகமாகவே விசிறினார்.

"மெதுவாடா" என்றார் பேயாண்டி. "காத்துலயே பறக்க விட்டுருவ போலருக்கு."

"எப்படிண்ணே இருக்கு?"

"எப்படி இருக்கும்? கெளம்பியாச்சு. உனக்கு முன்னாடி எனக்கு டிக்கெட்டு." சிரித்தார், இருமல் வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார். "நான் உன்னைய மறிக்கக் கூப்புடல. முந்தாநேத்துப் பதினாலு வீட்டு ஆளுகளையும் இங்கன வரச் சொன்னேன். உன்னைய மட்டும் கூப்புடல. கட்டுப்பாடு போட்ருக்கேன். நான் செத்தா, கருத்தக்கண்ணன் மலையேறி எறங்கி ஊர் திரும்புற வரைக்கும் அவனுக்கு ஆளு போகக் கூடாது, தந்தி போகக் கூடாது. எவனாச்சும் சொன்னா அவன் வீட்டுக்குச் சாமிப்பெட்டியில பங்கு இல்ல. கேக்காத சாவுக்குத் தீட்டு இல்லன்னு நானே சொன்னவன்தான?"

கருத்தக்கண்ணன் கையில் விசிறி நின்றுவிட்டது. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். எட்டு வருஷமாக வராத வார்த்தை இப்போது ஒரே மூச்சில் வந்தது. "அண்ணே, அன்னைக்கு நான் கேட்டது மனுசன் கேக்குற கேள்வியில்லண்ணே. சோலையம்மா காதுல விழுற மாதிரிக் கேட்டேன். என்னைய மன்னிச்சிருண்ணே."

பேயாண்டி கையை நீட்டித் தம்பியின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்றை எடுத்துப் போட்டார்.

"அங்கன செத்தவுகளுக்குச் சோத்து உருண்டை வைப்பாகளாமே?"

"பத்ரியில வைப்பாகண்ணே. அதுக்குன்னே ஒரு பாறை இருக்கு."

"உங்க அப்பன் ஆத்தாளுக்கு வைக்கிறப்ப, அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு வையி. பச்ச மண்ணுக்கு வைக்கக் கூடாதும்பான். நீ வையி. அம்புட்டுத்தான். போ, பஸ்ஸு வந்துரும்."

மே பன்னிரண்டாம் தேதி நால்வரும் ரயிலேறினார்கள். அந்தப் பயணத்தைக் கருத்தக்கண்ணன் பிற்காலத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வார். நமக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். அவருடைய நோட்டில் இருந்தபடியே எல்லாம் இருந்தது. இல்லாத இடங்களில் மலைமேல்தான் தப்பு என்பது போல முகத்தைச் சுளித்தார். கேதாருக்கு நடந்தே ஏறினார். நடுவழியில் மட்டக்குதிரைக்காரன் கெஞ்சிப் பார்த்தான். சீனியம்மாள் தமிழிலேயே அவனைத் திட்டி விரட்டினாள். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, புருஷன் மூச்சு வாங்குவதைக் காது கொடுத்துக் கேட்டு, அதில் இருமல் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த அடி வைத்தாள். கோயில் கண்ணில் பட்டதும், காலண்டரில் பார்த்தது போலவே இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. வாசலில் போய் நின்று, "இந்தா, கொண்டாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

பத்ரியில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, பண்டா என்கிற அந்த ஊர்ப் புரோகிதர் ஒவ்வொரு பேராகக் கேட்டார். இந்திப் பரீட்சை எழுதித் தேறிய ஜனகராஜ் இடையில் நின்று சொல்லிக் கொடுத்தார். அப்பா பேர், அம்மா பேர், தாத்தா பேர் ஆயிற்று. கடைசி உருண்டை கையில் இருந்தது. "இது யாருக்குன்னு கேக்குறாரு. பேரு?" என்றார் ஜனகராஜ்.

கருத்தக்கண்ணன் விழித்தார். பன்னிரண்டு வருஷம் திட்டம் போட்ட மனிதர் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பேரே வைக்காத பிள்ளைக்கு என்ன பேர் சொல்வது? பண்டா அவசரப்படுத்தினார். பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். தலைப்பேரனுக்குத் தாத்தா பேர்தானே வைப்பார்கள்? உயிரோடு இருந்திருந்தால் இவனுக்கும் அதைத்தானே வைத்திருப்பார்கள்?

"பேயாண்டி" என்றார்.

பண்டா அந்தப் பேரை மூன்று முறை கடித்துக் குதறிச் சொல்லி, நீர் விட்டு, உருண்டையை வைக்கச் சொன்னார். வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜனகராஜின் முகம் வெளுத்திருந்தது.

"கண்ணண்ணே, பேயாண்டிங்கிறது உங்க அண்ணன் பேருல்ல?"

"ஆமா."

"உசுரோட இருக்கிறவரு பேருக்கா உருண்டை வச்சீங்க?"

அந்தக் குளிரில் கருத்தக்கண்ணனுக்கு முதுகில் வியர்த்தது. இன்னொரு தரம் செய்யலாமா என்று ஜனகராஜ் பண்டாவிடம் கேட்டார். வைத்தது வைத்ததுதான் என்று பண்டா கையை விரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்த ரயிலில் கருத்தக்கண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை நாள், அண்ணன் செத்துவிடக் கூடாதே, செத்தால் மலை போய்விடுமே என்று பயந்தவர். இப்போது மலை முடிந்துவிட்டது. இப்போதும் அதே வேண்டுதல்தான், ஆனால் வேறு ஆளாக வேண்டிக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், "இருந்துரணும், அண்ணே. நான் வார வரைக்கும் இருந்துரணும்" என்று முணுமுணுத்தார். "நானே கையால சோத்து உருண்டை வச்சு அவரக் கொன்னுட்டேன் புள்ள" என்று சீனியம்மாளிடம் நூறு முறை சொன்னார். அவள் முதல் இரண்டு நாள் சமாதானம் சொன்னாள், பிறகு அவளும் பயந்து பேசாமல் இருந்தாள்.

மதுரையில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டைகளை ஜனகராஜிடம் விட்டுவிட்டு, கங்கைச் செம்போடு இருவரும் மேற்கே பஸ் ஏறினார்கள். காதில் பஞ்சு இல்லை. பஸ்ஸில் ஊர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இவரைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊர் திரும்புகிற வரை சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு பஸ்ஸிலும் நடக்கிறது என்று அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை. தன் முகத்தில்தான் ஏதோ தெரிகிறது என்று நினைத்தார்.

தொழுவத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் கட்டில் இல்லை. சங்கிலி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பினான். மழித்த தலையில் அரை விரல்கடைக்கு முடி முளைத்திருந்தது.

கருத்தக்கண்ணன் செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எப்படா?"

"நீங்க ரயிலேறுன மறுநாளு சித்தப்பா. வெயில் தாழுற நேரம். கருமாதியும் முடிஞ்சிருச்சு."

மறுநாள். பத்ரியில் உருண்டை வைத்தது பத்து நாளுக்கும் மேல் கழித்து. கணக்குப் போட்டுப் பார்த்ததும் முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. நாம் கொல்லவில்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. பிறகுதான் அழுகை. வாசலிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். பதினாலு வீட்டு ஆட்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். மூன்று வாரமாகச் சேதியை அடக்கிவைத்திருந்தவர்கள், அவரோடு சேர்ந்து இரண்டாம் முறையாக அழுதார்கள்.

இருளாயி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேரனுக்கு வச்சியாப்பா? சாகுறப்பவும் அதத்தான் கேட்டாரு."

"வச்சேன் மதினி."

"என்ன பேரு சொன்ன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அண்ணே பேரத்தான் சொன்னேன். அவரு இருக்காருன்னு நெனச்சுக்கிட்டே சொல்லிட்டேன் மதினி."

இருளாயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சோலையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருஷமாகக் கருத்தக்கண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருந்தவள் அவள். வந்து, அவர் கையிலிருந்த கங்கைச் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"இத்தன நாளு அவன 'அந்தப் புள்ள'ன்னுதான் மாமா சொல்லிக்கிட்டிருந்தோம். எனக்குள்ளயும் அப்புடித்தான் கூப்புட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். "நல்ல பேருதான்."

அதற்குள் யாரோ போய்க் கூட்டிவந்த நாவிதர் வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதிமூன்று வீட்டுக்கும் மொட்டை போட்டாகிவிட்டது, பாக்கி ஒரு வீடு. காதில் விழுந்துவிட்டது. கருத்தக்கண்ணனுக்கு அன்றிலிருந்துதான் ஒரு வருஷம். அவர் போய் அந்த மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோலையம்மாள் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சரித்து அவர் தலையை நனைத்தாள்.